உள்ளங்கையில் ஒரு விமானம்

தபால் அட்டையைவிடச் சிறிய உலோகத் தகடு. அதற்குள் ஒரு முழு விமானம். அதை வெளியே எடுக்கத் தேவை ஒரு சாமணம், நல்ல வெளிச்சம், கெட்டியான பொறுமை. இந்தியாவில் இப்போது பணமும்.

ரைட் சகோதரர்களின் விமானம் 1903 டிசம்பர் 17 அன்று அமெரிக்காவின் கிட்டி ஹாக் மணல்வெளியில் முதன்முதலாகப் பறந்தபோது காற்றில் இருந்தது 12 விநாடிதான். கடந்த தூரம் 120 அடி. இதை 160ல் ஒரு பங்காகச் சுருக்கினால் 23 செ.மீ. வரும். உங்கள் கையில் இருக்கும் இதழின் பக்க உயரம்கூட இல்லை. அன்றைய நாலாவது பறத்தலில் எட்டிய 852 அடி, இந்தக் கணக்கில் 1.6 மீட்டர், சாப்பாட்டு மேசையின் ஒரு முனையிலிருந்து மறு முனை. 40 அடி இறக்கை, 77 மி.மீ. ஆகிவிடும். ஒன்றரைத் தீப்பெட்டி நீளம்.

இந்த அளவில், உலோகத்தில், இறக்கைகளை இணைக்கும் கம்பிகள் உட்பட ஒரு விமானத்தைக் கையால் கட்ட முடியும். உலகெங்கும் பல்லாயிரம் பேர் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஜப்பானின் ஏரோபேஸ் நிறுவனம் பித்தளையில் இத்தகைய நுண்ணிய விமானங்களைத் தயாரித்துப் பெயர் வாங்கியது. அதே நாட்டின் டென்யோ, 'மெட்டாலிக் நானோ பசில்' என்ற பெயரில் தகடுகளை விற்றது. அமெரிக்காவின் சியாட்டில் நகரைச் சேர்ந்த ஃபேசினேஷன்ஸ் நிறுவனத்தின் 'மெட்டல் எர்த்' வரிசை இதைப் புத்தகக் கடைகளிலும் அருங்காட்சியக வாசல்களிலும் கொண்டு சேர்த்தது. சீனாவின் பீஸ்கூல், தகடுகளுக்கு வண்ணமும் பூசித் தருகிறது. உறை ஒன்றுக்குள் ஓரிரு தகடுகள், மடித்த காகிதம் ஒன்று. அவ்வளவுதான் சரக்கு.

அந்தக் காகிதத்தில் பெரும்பாலும் வாசகமே இருக்காது. எல்லாம் படம்தான். எந்தப் பாகம், எந்தத் துளையில், எந்தப் பக்கம் மடிக்க வேண்டும் என்பதை அம்புக்குறிகள் சொல்கின்றன. மொழிபெயர்ப்பில் பிழைப்பு நடத்தும் என் போன்றவர்களுக்கு இது சற்று மனத்தாங்கல் தரும் கையேடு.

தகட்டை முதலில் கையில் எடுக்கும் எவரும், இதை ஏதோ கூர்மையான யந்திரம் வெட்டியிருக்கிறது என்றே நினைப்பார்கள். உண்மையில் எந்தக் கத்தியும் இதன்மீது படவில்லை. இது ஒளியும் ரசாயனமும் சேர்ந்து செய்த வேலை. தகட்டின் இரு பக்கமும் ஒளிபட்டால் மாறும் பூச்சு ஒன்றைத் தடவுகிறார்கள். பாகங்களின் உருவம் பதிந்த ஃபிலிமை இரு பக்கமும் வைத்துப் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சுகிறார்கள். பிறகு கழுவினால் தேவையான இடங்களில் மட்டும் பூச்சு தங்கும். மற்ற இடங்களில் உலோகம் வெறுமையாகத் தெரியும். இப்போது ஃபெரிக் குளோரைடு கரைசலைத் தகட்டின்மேல் பீய்ச்சினால், வெறுமையான இடத்தை அது தின்றுவிடும். தமிழில் இதற்கு 'ஒளிவழி அரிப்பு' என்று ஒரு சொல்லை உண்டாக்கலாம். பட்டறைகளில் 'எச்சிங்' என்றால்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

சூட்சுமம் இரண்டு ஃபிலிம்களில் இருக்கிறது. இரு பக்கமும் பூச்சு இல்லாத இடத்தில் கரைசல் இரு புறமிருந்தும் அரித்து நடுவில் சந்திக்கிறது. அங்கே துளை விழுகிறது, பாகத்தின் வெளிக்கோடு உருவாகிறது. ஒரு பக்கம் மட்டும் பூச்சு இல்லையென்றால் பாதி ஆழத்துக்கு ஒரு பள்ளம் மட்டும் விழும். அந்தப் பள்ளக் கோடுதான் மடிக்க வேண்டிய இடம். இறக்கையின் விலாக்கோடுகள், ஆணி வரிசைகள், கதவு விளிம்புகள் எல்லாமே இந்தப் பாதிப் பள்ளங்கள்தான். வெட்டு, மடிப்பு, அலங்காரம் ஆகிய மூன்றும் ஒரே குளியலில் முடிந்துவிடுகின்றன.

இந்தக் கலை விளையாட்டுக்காகப் பிறந்ததல்ல. பிரான்சில் நீப்ஸ் 1820களில் ஒருவகைக் கீலை ஒளிபட வைத்து உலோகத் தகட்டில் படம் பதித்து அரித்தெடுத்தார். புகைப்படத்தின் வரலாறே அங்கிருந்துதான் தொடங்குகிறது. இங்கிலாந்தில் ஃபாக்ஸ் டால்பட் 1852ல் இதற்கு ஜெலட்டினைப் பயன்படுத்திக் காப்புரிமை பெற்றார். 1858ல் பெற்ற அடுத்த காப்புரிமையில், இன்றும் புழங்கும் அதே ஃபெரிக் குளோரைடு வந்துவிட்டது. இந்தியாவில் இந்த வித்தையைக் கரைத்துக் குடித்தவர் கல்கத்தாவின் உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி. ஓவியர், குழந்தை இலக்கியக்காரர், சத்யஜித் ராயின் தாத்தா. 1895ல் இங்கிலாந்திலிருந்து கருவிகளைத் தருவித்து ஹாஃப்டோன் பிளாக் செய்யும் தொழிலைத் தொடங்கி, அதைப் பற்றி எழுதிய கட்டுரைகள் லண்டனின் பென்ரோஸ் ஆண்டுமலரில் வெளியாகும் அளவுக்கு அவர் முன்னேறினார். மகன் சுகுமார் ராய் 1911ல் இங்கிலாந்து சென்று இதே துறையைப் படித்துத் திரும்பினார்.

ஆஃப்செட் வருவதற்கு முன் தமிழ்ப் பத்திரிகைகளில் வந்த ஒவ்வொரு படமும் இந்த வழியில் வந்ததுதான். துத்தநாகத் தகட்டை அமிலத்தில் அரித்து, மரக்கட்டையில் ஆணியடித்த 'பிளாக்' இல்லாமல் படமே அச்சாகாது. பிறகு தொலைக்காட்சியின் காலம். வண்ணத் தொலைக்காட்சிக் குழாயின் உட்புறத்தில் லட்சக்கணக்கான நுண்துளைகள் கொண்ட உலோகத் திரை ஒன்று இருந்தது. அதுவும் இப்படி அரித்தெடுத்ததே. சிலிக்கான் சில்லுகளின் கால்களாக நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிச் சட்டங்களில் ஒரு பகுதி இன்றும் இப்படித்தான் உருவாகிறது. பிளாஸ்டிக் விமான மாடல்களுக்கு இருக்கைப் பட்டை, கருவிப் பலகை போன்ற நுண்பாகங்களை உலோகத்தில் அரித்துத் தரலாம் என்று கண்டு உலகச் சந்தையைப் பிடித்தது, கம்யூனிச ஆட்சி முடிந்த 1989ல் செக் மண்ணில் தொடங்கிய எடுவார்டு நிறுவனம். தொழிற்சாலையிலிருந்து மேசைக்கு வந்த வழி இது.

சரி, தகட்டைப் பிரித்தாகிவிட்டது. அடுத்து?

முதல் விதி, எதையும் அவசரப்பட்டு வெட்டக் கூடாது. பாகங்கள் மெல்லிய பாலங்களால் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எல்லாவற்றையும் வெட்டிக் குவித்தால், அரிசியும் உளுந்தும் கலந்த கதைதான். இடது இறக்கை எது, வலது எது என்று பிரம்மாவே வந்தாலும் சொல்ல முடியாது. எண் பார்த்து ஒன்றை வெட்டுவது, மடிப்பது, பொருத்துவது, பிறகு அடுத்தது. வெட்டும் குறடு, ஒரு பக்கம் தட்டையாக இருக்கும் ரகமாக இருந்தால் பிசிறு மிஞ்சாது. நகவெட்டி தற்காலிகமாக உதவும்; தகடு அதன் வாயைக் கெடுத்துவிடும் என்பதால் வீட்டாரிடம் கேட்டுக்கொண்டு எடுப்பது நல்லது.

இரண்டாவது விதி உலோகத்தின் சுபாவம் சம்பந்தப்பட்டது. மடித்ததை விரித்து மறுபடி மடித்தால் தகடு அந்த இடத்தில் இறுகிப்போகும். மூன்றாவது முறை பட்டென்று முறியும். கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்து உடைப்போமே, அதே நியாயம். அதனால் மடிப்பதற்கு முன் இரண்டு முறை படத்தைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் பள்ளக் கோடு மடிப்பின் உட்புறம் வரும். கையேடு வேறாகச் சொன்னால் கையேட்டைத்தான் நம்ப வேண்டும். பித்தளையாக இருந்தால் ஒரு சலுகை உண்டு. தீச்சுடரில் காட்டி ஆறவிட்டால் அது மறுபடி இளகிக்கொடுக்கும். நம் ஊர்ப் பொற்கொல்லர்களுக்கு இது பிறவி ஞானம். எஃகுத் தகடு அந்தச் சலுகையைத் தருவதில்லை.

மூன்றாவதாக, காதுகள். ஒவ்வொரு பாகத்தின் விளிம்பிலும் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குச் சிறு நாக்குகள் நீட்டிக்கொண்டிருக்கும். எதிர்ப்பாகத்தின் துளையில் அதை நுழைத்து மறுபுறம் மடக்கிவிட வேண்டும், அல்லது கால் சுற்று முறுக்கிவிட வேண்டும். மடக்கினால் தட்டையாக அமரும். முறுக்கினால் பிடிப்பு கூடும், ஆனால் கண்ணுக்கு உறுத்தும். வெளியே தெரியும் இடத்தில் மடக்கு, மறைவான இடத்தில் முறுக்கு என்று பழகியவர்கள் வைத்துக்கொள்கிறார்கள். பசை தேவையில்லை என்று உறையில் பெருமையாகப் போட்டிருப்பார்கள். நடைமுறையில் எங்காவது ஓரிடத்தில் ஃபெவிக்விக் சொட்டு தேவைப்பட்டே தீரும். சொட்டை ஊசி முனையில் எடுத்து வைப்பதுதான் முறை. குழாயிலிருந்து நேராக விட்டால் விமானத்தோடு விரலும் ஒட்டிக்கொள்ளும்.

உருளையான பாகங்கள் தனி ரகம். எஞ்சின் கூடு, சக்கரம், உடற்பகுதி எல்லாம் தகட்டில் தட்டையாகத்தான் இருக்கும். அவற்றை எதன்மீதாவது உருட்டி வளைக்க வேண்டும். துரப்பண ஊசிகளின் தடித்த பின்பகுதி உத்தமம். பால்பாயிண்ட் ரீஃபில், ஸ்வெட்டர் பின்னும் ஊசி, பென்சில் ஆகியவையும் வேலைக்கு ஆகும். வேண்டிய அளவைவிடச் சற்றுச் சிறிய உருளையில் சுற்ற வேண்டும். விட்டதும் தகடு கொஞ்சம் விரிந்துகொடுக்கும்.

கருவிகளுக்காக வெளிநாட்டுக் கடைகளைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. மும்பை ஜவேரி பஜாரோ சென்னை சௌகார்பேட்டையோ, நகைத் தொழில் நடக்கும் எந்த ஊரிலும் சாமணம், மூக்குக் குறடு, சின்ன அரம் எல்லாம் கிடைக்கும். கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் லென்ஸ் இருந்தால் இன்னும் நல்லது. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு அது ஆடம்பரமல்ல. வெள்ளெழுத்து என்று நம் பாட்டிகள் அழகாகப் பெயர் வைத்த கோளாறு, அரை மில்லிமீட்டர் துளையைத் தேடும்போதுதான் தன் முழு சொரூபத்தைக் காட்டுகிறது. மேசையில் ஒரு வெள்ளைத் துண்டை விரித்துக்கொள்ள வேண்டும். சாமணத்திலிருந்து தெறிக்கும் பாகம் மொசைக் தரையில் விழுந்தால் போனது போனதுதான்.

இந்த வேலை மன அழுத்தத்தைக் குறைக்கும் என்று விற்பனையாளர்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். முதல் ஒரு மணி நேரம் அது அழுத்தத்தை உற்பத்தி செய்கிறது. இரண்டாவது மணி நேரத்தில் விசித்திரமாக ஒன்று நடக்கிறது. விரல்கள் தகட்டின் பலத்தைப் புரிந்துகொள்கின்றன. எவ்வளவு அழுத்தினால் வளையும், எங்கே நிறுத்த வேண்டும் என்பது படத்தைப் பார்க்காமலே தெரிகிறது. அறையில் மின்விசிறியை நிறுத்தியிருப்பது மறந்துபோகிறது. (காற்றில் பாகம் பறந்துவிடும் என்பதால் நிறுத்தித்தான் ஆக வேண்டும்.)

கட்டிடம், கப்பல், பூச்சி, பீரங்கி என்று எல்லாமே தகட்டில் கிடைக்கும்போது விமானத்துக்கு என்ன தனி மவுசு? பொருத்தம்தான் காரணம். தகட்டுக்குச் சமதளம் பிடிக்கும். ஒரு திசையில் வளைவதும் பிடிக்கும். இரு திசைகளில் ஒரே நேரத்தில் வளைய அது மறுத்துவிடும். காகிதத்தைச் சுருட்டி குழாய் செய்யலாம், பந்து செய்ய முடியாது. எனவே ஜெட் விமானத்தின் மூக்கு போன்ற உருண்டை வடிவங்களை, சாத்துக்குடிச் சுளைபோல இதழ் இதழாக வெட்டி ஒன்றோடொன்று நெருக்கிக் குவிக்க வேண்டியிருக்கிறது. எவ்வளவு கவனமாகச் செய்தாலும் இடுக்கு தெரியும். தையல்காரர் தலையணைக்கு உறை தைப்பதற்கும் பந்துக்கு உறை தைப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது.

பழைய விமானங்களோ குச்சியும் துணியும் கம்பியும் சேர்ந்த பொருட்கள். அவற்றின் இறக்கை ஏறக்குறைய தகடு, தாங்குகட்டை கம்பி, வால் வெறும் சட்டம். ரைட் சகோதரர்களின் விமானமும் முதல் உலகப்போரின் மூன்றடுக்கு ஃபோக்கரும் தகட்டுக்கென்றே பிறந்தவைபோல அமைகின்றன. 1920களின் ஃபோர்டு ட்ரைமோட்டார் இன்னும் ஒரு படி மேல். அதன் தோலே நெளிவுத் தகடு. மெட்டல் எர்த் பட்டியலில் மூன்றுக்கும் இடம் உண்டு. அதே பட்டியலில் போயிங் 747ம் இருக்கிறது. பெட்டிப் படத்தில் கம்பீரமாகத் தெரியும் அதன் மூக்கு, மேசையில் கட்டுபவரின் பொறுமையைச் சோதிக்கும்.

பட்டியல் என்றதும் ஒரு குறை. ஸ்பிட்ஃபயர், மஸ்டாங், ஜீரோ, லங்காஸ்டர் என்று இரண்டாம் உலகப்போர் அங்கே நிரந்தரமாக நடந்துகொண்டிருக்கிறது. இந்திய வானில் பறந்து சரித்திரம் படைத்த விமானம் ஒன்றுகூட, நான் பார்த்த எந்த உலோகத் தகட்டுப் பட்டியலிலும் இல்லை. வாங்கும் கூட்டம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் இருக்கும்போது அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

அந்தக் கூட்டத்தில் இந்தியர்கள் சேரவும் வழி குறுகிவிட்டது. அமெரிக்காவில் சிறிய உறை ஒன்று 10, 15 டாலருக்குக் கிடைக்கிறது. இந்தியாவில் பொம்மைகள், அளவு குறைத்த மாதிரிகள், புதிர்கள் எல்லாம் சுங்க அட்டவணையில் ஒரே தலைப்பின் கீழ் வருகின்றன. அந்தத் தலைப்புக்கான அடிப்படைச் சுங்க வரி 2020ல் 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாக உயர்ந்தது. 2023ல் 70 சதவீதமாயிற்று. கூடவே 2021 ஜனவரி முதல், 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் விளையாட்டுப் பொருட்களுக்குத் தர முத்திரை கட்டாயமானது. சீனாவிலிருந்து குவிந்த மட்ட ரக பொம்மைகளைத் தடுப்பதே நோக்கம். அதில் குறை காண முடியாது. ஈயம் கலந்த பெயிண்டைக் குழந்தைகள் வாயில் வைப்பதை யாரும் விரும்ப மாட்டார்கள். ஆனால் கிளுகிளுப்பைக்கும், உறையிலேயே '14 வயதுக்கு மேல்' என்று அச்சிட்ட எஃகுத் தகட்டுக்கும் ஒரே வரி என்பது, தச்சரின் உளியையும் பென்சில் சீவும் பிளேடையும் ஒரே தராசில் நிறுப்பது மாதிரி. பாதிக்கப்படுவது பணக்காரச் சேகரிப்பாளர் அல்ல. கைச்செலவை மிச்சம் பிடித்து முதல் உறையை வாங்கப் பார்க்கும் கல்லூரி மாணவர்.

வெளியிலிருந்து வருவது விலை ஏறினால் உள்ளேயே செய்யலாமே என்பதுதான் அரசின் வாதம். மற்ற பொம்மைகளுக்கு எப்படியோ, இந்தத் தகடு விஷயத்தில் அந்த வாதம் எடுபடக் கூடியது. பிளாஸ்டிக் மாடல் செய்ய எஃகு அச்சு வேண்டும். ஒரு விமானத்துக்கான அச்சு லட்சக்கணக்கில் செலவு வைக்கும். ஆயிரக்கணக்கில் விற்றால்தான் போட்ட பணம் திரும்பும். அரித்தெடுக்கும் தகட்டுக்கு அச்சு கிடையாது. இரண்டு ஃபிலிம்கள்தான். வரைபடத்தில் பிழை கண்டால் புது ஃபிலிம் போட்டுக்கொள்ளலாம். நூறு பிரதி போட்டாலும் கட்டுப்படியாகும். தொழிலும் இங்கே புதிதல்ல. சுற்றுலாத் தலங்களில் விற்கும் தங்க முலாம் பூசிய மெல்லிய புக்மார்க்குகள், சாமி படத் தகடுகள், யந்திரங்களில் பதிக்கும் பெயர்ப் பலகைகள் எல்லாம் இந்தியப் பட்டறைகளில் அரித்தெடுத்தவைதான். குறைவது வரைபடம் மட்டுமே.

எதை வரைவது? என் ஓட்டு பஸ் மாத் விமானத்துக்கு. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து தபால் மூட்டையுடன் அகமதாபாத் வழியாக பம்பாய் ஜுஹுவுக்குத் தனியாக ஓட்டி வந்தது இந்த ஒற்றை எஞ்சின் விமானத்தைத்தான். நெவில் வின்சென்ட் தபாலை அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுபோனார். ஏர் இந்தியாவின் பிறப்புச் சான்றிதழ் அந்தப் பயணம். விமானத்தின் உடல் எஃகுக் குழாய்ச் சட்டத்தின்மேல் துணி போர்த்தியது. பக்கங்கள் பெட்டிபோலத் தட்டை. தலைக்கு மேல் ஒரே இறக்கை, அதைத் தாங்க இரு பக்கமும் சாய்ந்த கட்டைகள். வளைவு என்று அஞ்ச வேண்டியது எஞ்சின் மூடி ஒன்றுதான். 11.2 மீட்டர் இறக்கை, 160ல் ஒரு பங்கில் 70 மி.மீ. ஆகிறது. 'விடி-ஏடிஎன்' என்ற பதிவெழுத்துகளை இறக்கையில் பாதிப் பள்ளமாகப் பொறித்துவிடலாம். எழுத்தைப் பொறிப்பதில் இந்த முறையை வெல்ல ஆளில்லை. பிளாக் தொழிலிலிருந்து வந்ததாயிற்றே.

இன்னும் பின்னால் போனால் 1911 பிப்ரவரி 18. பிரெஞ்சுக்காரர் ஹென்றி பெக்கே அலகாபாத் கண்காட்சித் திடலிலிருந்து சுமார் 6,500 கடிதங்களுடன் புறப்பட்டு நைனியில் இறங்கினார். உலகின் முதல் அதிகாரபூர்வ விமானத் தபால். அவர் ஓட்டிய ஹம்பர்-சாமர் இரட்டை இறக்கை விமானம் முழுக்கச் சட்டமும் கம்பியும்தான். தகட்டில் கட்டுபவருக்கு அல்வா. மாறாக, பெங்களூர் எச்.ஏ.எல். கூடத்தில் ஜெர்மானியர் குர்ட் டாங்க் வடிவமைத்து 1961ல் பறந்த மாருத் போர் விமானத்தின் இடுப்பு ஒடுங்கிய உடல், பார்க்க எவ்வளவு அழகோ தகட்டில் கொண்டுவர அவ்வளவு கஷ்டம். ஆசை இருந்தாலும் அதைக் கடைசியில் வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

பட்டறைக்குப் போகும் முன் வீட்டிலேயே ஒத்திகை பார்க்க விரும்புகிறவர்களும் உண்டு. எலக்ட்ரானிக்ஸ் மாணவர்கள் சர்க்யூட் பலகை அரிக்கப் பயன்படுத்தும் ஃபெரிக் குளோரைடும் ஒளிபடும் ஃபிலிமும் சென்னை ரிச்சி தெருவிலும் மும்பை லாமிங்டன் சாலையிலும் கிடைக்கின்றன. கால் மில்லிமீட்டருக்கும் குறைவான பித்தளைத் தகடு, கணினியில் வரைந்து ஒளி ஊடுருவும் தாளில் எடுத்த இரண்டு பிரதிகள், நல்ல வெயில். இரண்டு தாள்களும் மயிரிழை பிசகாமல் நேருக்கு நேர் அமைவதுதான் கஷ்டமான கட்டம். பிசகினால் ஒரு பக்க அரிப்பும் மறுபக்க அரிப்பும் சந்திக்காமல் போய்விடும். தாள்களின் விளிம்பை முன்னதாகவே ஒட்டி உறைபோல ஆக்கி, தகட்டை அதற்குள் செருகுவது பலரும் கையாளும் தந்திரம். துளைகளை வரையும்போது தகட்டின் கனத்தைவிடச் சிறிதாகப் போடாமல் இருப்பது நல்லது. கரைசல் கீழ்நோக்கி மட்டுமல்ல, பக்கவாட்டிலும் தின்னும்.

கரைசலுடன் விளையாட்டு கூடாது. கையுறை, கண்ணாடி, திறந்த ஜன்னல் மூன்றும் கட்டாயம். அதன் பழுப்புக் கறை துணியிலிருந்து போகவே போகாது. எஃகு, அலுமினியப் பாத்திரங்களையும் அது விட்டுவைக்காது என்பதால் பிளாஸ்டிக் தட்டில்தான் ஊற்ற வேண்டும். வேலை முடிந்த கரைசலில் பித்தளையின் செம்பு கலந்திருக்கும். செம்பு நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. சமையலறைத் தொட்டியிலோ தெருச் சாக்கடையிலோ கொட்டுவதுதான் பலர் செய்வது, கொட்டவே கூடாத இடங்களும் அவைதான். துணி சோடாவைச் சிறிது சிறிதாகப் போட்டால் நுரைத்து அடங்கி, உலோகம் சேறாக அடியில் தங்கும். அந்தச் சேற்றை மூடிய டப்பாவில் சேர்த்துவைத்து, அபாயக் கழிவு எடுக்கும் இடத்தில் கொடுக்க வேண்டும். பட்டறைகளில் கொடுத்துச் செய்ய நான் பரிந்துரைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கட்டி முடித்த விமானத்தை எங்கே வைப்பது என்பது கடைசிக் கேள்வி. எஃகு சுலபத்தில் துருப்பிடிக்காது. பித்தளை, கடலோர ஊர்களில் சில மாதங்களிலேயே கறுக்கத் தொடங்கும். தெளிந்த லாக்கரை மெல்லிய படலமாகத் தெளித்தால் தாக்குப்பிடிக்கும். இரண்டுக்கும் பொதுவான எதிரி தூசிதான். கம்பிகளுக்கு நடுவே துணி நுழையாது, ஊதினால் எச்சில் படும். நல்ல நீர்வண்ணத் தூரிகை ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவைக்க வேண்டியதுதான். கண்ணாடிக் கூடு வாங்கப் போகிறவர்கள் இறக்கையின் நீளத்தோடு இரு பக்கமும் இரண்டு விரல் சேர்த்து அளவு சொல்வது நல்லது.